தாத்தாவின் தச்சுப் பட்டறை

என் தாத்தா பதினேழு ஆண்டுகள் இந்தியப் படையில் பணியாற்றியவர். ஆயினும் அவரிடம் தொழில் என்னவென்று யாரேனும் கேட்டால், "தச்சு வேலை" என்றே விடையளிப்பார். படையில் இருந்த காலத்தையும் சேர்த்துத்தான் அவ்வாறு சொல்வார்.

எங்கள் ஊர் வேலூருக்கு அருகில் உள்ளது. வீடுதோறும் ஒருவரைப் படைக்கு அனுப்பும் ஊர் என்று பெயர்பெற்ற கம்மவான்பேட்டை அங்கிருந்து நெடுந்தொலைவில் இல்லை. 1962ஆம் ஆண்டின் சீனப் போருக்குப் பின் படையைப் பெருக்கியபோது, பத்தொன்பது வயதில் தாத்தாவும் புறப்பட்டார். பெங்களூரில் இருந்த சென்னைப் பொறியாளர் படைப்பிரிவில் அவருக்கு இடம் கிடைத்தது. 1780இல் சென்னையில் தோன்றிய பிரிவு அது. அதன் வீரர்களைப் பிற படையினர் 'தம்பி' என்றே அழைப்பர். துப்பாக்கிப் பயிற்சியோடு தச்சு, கொல்லு, கொத்து போன்ற தொழில்களில் ஒன்றையும் அங்கே கற்பிப்பர். உளி பிடித்து வளர்ந்த தாத்தாவுக்குத் தச்சுத் தொழிலே அமைந்தது.

நாங்கள் நாகபுரியில் வாழ்ந்தோம். கோடை விடுமுறையில் மட்டும் காட்பாடியில் இறங்கி ஊருக்குச் செல்வோம். எனக்குத் தமிழ் கேட்டால் புரியும். விடை மட்டும் இந்தியில் வரும். உறவுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். தாத்தா சிரிக்கவில்லை. பட்டாளத்தில் கற்ற இந்தியிலேயே இரண்டு நாள் என்னோடு பேசினார். மூன்றாம் நாள் பட்டறைக்கு அழைத்துச் சென்று, "இங்கே கருவிகளுக்குத் தமிழ்ப் பெயர்தான், கண்ணு" என்றார். இழைப்புளி, கொட்டாப்புளி, வாய்ச்சி, மூலமட்டம் என ஒவ்வொன்றையும் கையில் கொடுத்துச் சொல்லவைத்தார். 'அதை எடு, இதை எடு' என்ற பேச்சு அங்கே செல்லாது.

அவருடைய பெருமையெல்லாம் வண்டிச் சக்கரத்தில் இருந்தது. நடுவில் குடம், அதில் பொருத்திய 12 ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி 6 வட்டைகள். எல்லாவற்றையும் பூட்டிய பின், கொல்லர் வரட்டித் தீயில் இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சுவார். வெப்பத்தால் விரிந்த பட்டையைச் சக்கரத்தின் மேல் இறக்கி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கி மரத்தை இறுக்கும்; மூட்டுகள் நெரிபடும் ஓசை கேட்கும். அந்த ஓசையைக் கொண்டே சக்கரம் எவ்வளவு நாள் உழைக்கும் என்று தாத்தா சொல்லிவிடுவார். அவர் 1979இல் ஓய்வு பெற்று வந்தபின் சில ஆண்டுகளே இவ்வேலைக்குத் தேவை இருந்தது. டயர் வண்டிகளும் டிராக்டர்களும் பெருகின. பிறகு கதவும் கட்டிலும் செய்தார். அவற்றையும் நன்றாகவே செய்தார், ஆனால் அவற்றைப் பற்றிப் பேசமாட்டார்.

பெரியப்பா மகன் ஒருநாள், "1971 போரில் எத்தனை பேரைச் சுட்டீர்கள், தாத்தா?" என்று கேட்டான். தாத்தா சிறிது நேரம் பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். பின்னர்ப் பாலம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். கிழக்கு வங்கத்தில் ஆறுகள் மிகுதி. பின்வாங்கிய படையினர் பல பாலங்களைத் தகர்த்துச் சென்றிருந்தனர். பெய்லி பாலம் என்பது எஃகுச் சட்டங்களால் ஆனது. ஒரு சட்டம் ஏறத்தாழ 260 கிலோ. ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். சட்டங்களை முளைகளால் கோத்து, உருளைகள்மீது வைத்து, ஆற்றின் குறுக்கே சிறிது சிறிதாகத் தள்ளுவார்கள். பாரந்தூக்கி வேண்டியதில்லை. அன்றைக்கு விளக்கும் இல்லை. கையால் தடவியே முளைகளை அடித்தார்களாம்.

"ஒரு முளை சரியாக உட்காரவில்லை என்றாலும் மேலே வருகிறவர்கள் ஆற்றில்தான், கண்ணு. சக்கரமும் அப்படித்தானே?" என்றார்.

கேட்ட கேள்விக்கு அவர் விடை சொல்லவே இல்லை. அன்றிரவு அவரோடு சட்டம் தூக்கிய ஆறு பேரில் ஒருவர் திரும்பவில்லை என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின் பாட்டிதான் எனக்குச் சொன்னார். ஆண்டுதோறும் டிசம்பரில் ஒருநாள் தாத்தா பட்டறையைத் திறக்காததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

தாத்தா மறைந்தபின் பதக்கங்களைத் தேடினோம். கருவிப் பெட்டியின் அடியில், உளிகளைச் சுற்றியிருந்த எண்ணெய்த் துணியிலேயே அவையும் இருந்தன. உளிகளைப் பெரியப்பா மகன் பெற்றுக்கொண்டான். அவன் இப்போது வேலூரில் கதவு, சன்னல் செய்கிறான். கொட்டாப்புளியை நான் நாகபுரிக்குக் கொண்டுவந்தேன். புளியமரத்தில் அவரே செய்தது; கைபட்ட இடம் தேய்ந்து குழிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அதைக்கொண்டு வெல்லம் உடைக்கிறோம்.