நான்தான் = ஐ ஒன்லி?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஆணி அதிகம்ங்கறதால தள்ளித் தள்ளிப் போன பதிவு இது. இங்கிலீஷ் இலக்கணம்னு சொன்னதும் எஸ்கேப் ஆயிடாதீங்க மக்கா. ரென் அண்ட் மார்ட்டின் நடத்தப் போறதில்ல. ஒரு சின்னப் பையனோட அப்ரைசல் சம்பந்தப்பட்ட மேட்டர்.

மொதல்ல கொஞ்சம் இலக்கணம். பல்லைக் கடிச்சிக்கிட்டு படிச்சிடுங்க.

தமிழ்ல 'நான்', 'நீ', 'அவன்' மேல எந்த வாக்கியத்த வேணும்னாலும் ஏத்தி வெக்கலாம். 'ரெண்டு ராத்திரி தூங்காத நான்', 'நேத்து வரைக்கும் வாயே தொறக்காத அவன்'. எல்லாம் முன்னாடியே வந்து உக்காந்துக்கும், ஒரு உறுத்தலும் இல்ல. இன்னும் ஒரு படி மேல போய் 'வந்தவன்', 'சொன்னவ', 'கேட்டவங்க'ன்னு அந்த 'அவன்', 'அவ'வ வினைக்குள்ளயே ஒட்டிடறோம். வினையாலணையும் பெயர்னு தமிழய்யா நடத்தினாரே, அதேதான்.

இங்கிலீஷ்ல இது பின்னாடி வரணும், நடுவுல 'ஹூ' போட்டு. ஆனா 'ஐ', 'ஹி', 'தே' எல்லாம் பின்னாடி வாலை ஒட்டிக்க லேசுல சம்மதிக்காது. 'ஐ ஹூ டிட் நாட் ஸ்லீப் ஃபார் டூ நைட்ஸ்'னு ஆபீஸ்ல சொல்லிப் பாருங்க, ராஜபார்ட் வேஷம் கட்டி வந்த மாதிரி பார்ப்பாங்க. 'ஹி ஹூ'ன்னு ஆரம்பிச்சா அது பழமொழி ('ஹி ஹூ லாஃப்ஸ் லாஸ்ட்'). இல்லன்னா 1611-ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள் நடை, அதுல 'ஹி தட்' ஏகப்பட்ட எடத்துல வரும். அதுவும் இல்லன்னா வோல்டமோர்ட்டோட பேர் :-) 1887-ல புத்தகமா வந்த ரைடர் ஹாகார்டோட 'ஷீ' நாவல்ல ராணிக்குப் பட்டப்பேரு 'ஷீ ஹூ மஸ்ட் பி ஒபேய்ட்'. பின்னாடி ரம்போல்ங்கற டிவி வக்கீல் அதையே தன் வீட்டம்மாவுக்கு வெச்சாரு. ஆக எல்லாமே பட்டப்பேரு, பழமொழி, சாமி விஷயம். பக்கத்து சீட்டுக்காரன் கிட்ட பேசற பேச்சு இல்ல.

ஏன்னு யோசிச்சா காரணம் சிம்பிள். 'ஹி'ன்னு சொல்லும்போதே யாருன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும். அப்புறம் எதுக்கு 'யார்னா...'ன்னு ஒரு வால்? அதனால வால் தேவைப்படற எடத்துல அவங்க 'எனிஒன் ஹூ', 'த ஒன் ஹூ', 'தோஸ் ஹூ'ன்னு ஆளையே மாத்திடுவாங்க. மேனேஜர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்புவாரே, 'தோஸ் ஆஃப் யூ ஹூ ஹேவ் நாட் சப்மிட்டட் த டைம்ஷீட்'னு, அது அப்படியே 'உங்கள்ல டைம்ஷீட் போடாதவங்க'. (நான் எப்பவும் அந்த லிஸ்ட்ல இருப்பேன், அது வேற கதை.)

ஆனா ஒரே ஒரு எடத்துல மட்டும் தினப்படி இங்கிலீஷ்ல இந்த வால் சர்வசாதாரணமா வரும். 'இட் வாஸ் மீ ஹூ கால்ட் யூ.' அதாவது, ஒனக்கு போன் பண்ணது நான்தான். கவனிச்சீங்களா? நாம ரெண்டெழுத்து 'தான்' போட்டு முடிக்கற வேலைக்கு அவங்க முன்னாடி ஒரு 'இட் வாஸ்', பின்னாடி ஒரு 'ஹூ'ன்னு வாக்கியத்தையே ரெண்டா ஒடைக்கறாங்க. பேச்சுல இது கூட வேணாம், 'ஐ'யை அழுத்திச் சொன்னா போதும். ஆனா மெயில்ல அழுத்த முடியாதே.

இப்ப பையன் கதை. எங்க டீம்ல ஒரு தம்பி, திருவண்ணாமலைப் பக்கம், பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். க்ளையண்ட் இங்கிலாந்துல ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. ஒரு மாசம் 13-ந் தேதி ராத்திரி ஒரு பேட்ச் ஜாப் படுத்துருச்சு. தேதியில நாளும் மாசமும் எடம் மாறி வந்திருக்கு. 12 வரைக்கும் அது தெரியாது பாருங்க, 05-03ன்னா மார்ச் அஞ்சா, மே மூணான்னு கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? ரெண்டுமே செல்லுபடியாகும் தேதி. 13 வந்தப்பதான் பதிமூணாவது மாசம் எங்கடான்னு கத்திருக்கு. தம்பி அதைக் கண்டுபிடிச்சது பெருசில்ல. அப்படின்னா மொத 12 நாளும் சத்தம் போடாம தப்பா ஏறியிருக்குமேன்னு யோசிச்சு, தானா அந்த டேட்டாவையும் தோண்டி சரி பண்ணிட்டான். விடிகாலை 2.40-க்கு அவன் பேர்ல கமிட் இருக்கு. அதை மட்டும் விட்டிருந்தா பாலிசிக்காரங்களுக்கு தப்புத் தேதியில கடிதாசி போயிருக்கும்.

மறுநாள் க்ளையண்ட் பக்கத்து அம்மணி யார் இதைப் பார்த்ததுன்னு மெயில்ல கேட்டாங்க. தம்பி பதில் போட்டான்: 'ஐ ஒன்லி ஃபிக்ஸ்ட் த டேட் இஷ்யூ.' 'டேட் இஷ்யூவ சரி பண்ணது நான்தான்'ங்கறதோட நேரடி மொழிபெயர்ப்பு. நம்ம ஊர்ல யாரும் தப்பா படிக்க மாட்டோம். ஆனா அவங்க படிச்சது, 'நான் டேட் இஷ்யூவ மட்டும்தான் சரி பண்ணேன், மத்ததெல்லாம் நானில்ல.'

அப்ப 12 நாள் டேட்டாவ யார் சரி பண்ணது? அங்க ஆன்சைட்ல ஒருத்தர் இருந்தாரு, அவராதான் இருக்கும்னு முடிவு பண்ணிட்டாங்க. அடுத்த வாரம் நன்றி மெயில் வந்துச்சு. ஆன்சைட்காரர் பேரு மேல. கடைசி வரியில 'உதவிய மற்றவர்கள்'ல நம்ம தம்பி. ஆன்சைட்காரர் மறுக்கவும் இல்ல, ஆமான்னும் சொல்லல. நல்ல மனுஷன்.

அப்ரைசல்ல அந்த மெயில்தான் அத்தாட்சி. நான் கமிட் லிஸ்ட்ட பிரிண்ட் எடுத்துக்கிட்டுப் போய் நின்னேன். 'கஸ்டமர் மெயில்ல அப்படி இல்லையேப்பா'ன்னாரு மேனேஜர். சரின்னு அந்த அம்மணிக்கே எழுத உக்காந்தேன். 'இட் வாஸ் ஹி ஹூ'வா, 'இட் வாஸ் ஹிம் ஹூ'வா? ஸ்கூல் இலக்கணம் 'ஹி'ங்குது. பேசறவங்க வாயில பெரும்பாலும் 'ஹிம்'தான் வரும். 'இட் இஸ் ஐ ஹூ ஆம்' சரின்னு பழைய வாத்தியார் சொல்வாரு, ஜனங்க 'இட்ஸ் மீ ஹூ இஸ்'ஸுன்னுட்டுப் போயிடுவாங்க. நமக்கு இந்தத் தொல்லையே கிடையாது. 'பண்ணது நான்தான், பண்ணது அவன்தான், பண்ணது நாங்கதான்' - நானோ நீயோ நூறு பேரோ, 'பண்ணது' அஃறிணையாவே அசையாம நிக்கும்.

கடைசியா 'ஹி இஸ் த ஒன் ஹூ'ன்னு போட்டு தப்பிச்சேன். தேதி, நேரம், கமிட் நம்பர் எல்லாம் சேர்த்து. ஒரு மணி நேரத்துல பதில். டேட் வேலை மட்டும் தன்னுதுன்னு அவரே சொன்னதா நெனச்சேன், மன்னிக்கவும்னு எழுதி, எல்லாருக்கும் திருத்தின மெயில் அனுப்பிட்டாங்க. ஆனா அதுக்குள்ள ரேட்டிங் நார்மலைசேஷன் முடிஞ்சு பூட்டிட்டாங்க. அந்த வருஷம் தம்பிக்கு சராசரி ரேட்டிங்தான். திறக்க முடியாதாம். அவன் தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட அந்த இன்கிரிமெண்ட்டத்தான் நம்பியிருந்தான்.

எனக்கு இன்னிக்கும் ஆறாத ஒண்ணு. அயர்லாந்துக்காரங்க பேச்சுல இந்த 'இட் இஸ்... தட்' வாக்கியம் மத்தவங்கள விட அதிகம். அவங்க ஐரிஷ் மொழிப் பழக்கம் இங்கிலீஷுக்குள்ள வந்தது அது. கேக்கறவங்களுக்குப் புரிஞ்சிடுது, அழகா இருக்குன்னு கூட சொல்றாங்க. நாமளும் அதே காரியத்தைத்தான் பண்றோம். நம்ம கெட்ட நேரம், 'தான்'க்கு நாம எடுத்துக்கிட்ட 'ஒன்லி'க்கு ஏற்கனவே அங்க வேற வேலை இருக்கு. நம்ம 'தான்'ஏ ரெட்டை வேஷக்காரன், 'ரெண்டு தோசைதான் சாப்பிட்டேன்'னா அது மட்டும்ங்கற அர்த்தம். அந்த ஒரு வேஷத்த மட்டும் வெள்ளைக்காரனுக்குத் தெரியும்.

தம்பிக்கு 'ஐ ஆம் த ஒன் ஹூ' சொல்லிக் குடுத்தேன். நாலஞ்சு நாள் எழுதவே மாட்டேன்னுட்டான். 'அண்ணா, நான்தான்னா சும்மா தகவல் மாதிரி இருக்கு. இது மைக் புடிச்சு சொல்ற மாதிரி இருக்குண்ணா'ன்னான். எனக்கும் பதில் தெரியல. ரெண்டெழுத்து எடத்துல அஞ்சு வார்த்தை போட்டா அப்படித்தான் இருக்கும். அப்புறம் பழகிட்டான்.

போன மாசம் புதுசா வந்த நாக்பூர் பையன் க்ளையண்டுக்கு 'ஹி ஒன்லி ஹேஸ் த அக்சஸ்'னு ஒரு மெயில் டைப் அடிச்சு வெச்சிருந்தான். தம்பி பின்னாடி நின்னு படிச்சிட்டு, சேரை இழுத்துப் போட்டு உக்காந்தான். 'பாஸ், அனுப்பாத. அவர்கிட்ட அக்சஸ் மட்டும்தான் இருக்குங்கறியா, இல்ல அக்சஸ் இருக்கறது அவர்கிட்டதாங்கறியா?' இதை அவன் இங்கிலீஷ்ல கேட்டு முடிக்கறதுக்குள்ள எங்களுக்கு டீ ஆறிப்போச்சு.