கோபுரமும் இல்லை, மணியும் இல்லை

ஹெல்சிங்கி நகரத்தின் தோலோ பகுதியில், அடுக்குமாடி வீடுகள் சூழ்ந்த ஒரு பாறைத் திட்டு. அதன் மேல் செம்புத் தாம்பாளத்தைக் கவிழ்த்தாற்போல் ஒரு கூரை. லுத்தரன் ஆலயம் ஒன்று இங்கே இருப்பதாகச் சொன்னால், புதிதாக வருபவர் அண்ணாந்து கோபுரத்தைத் தேடுவார். ஆலயமோ பாறைக்குள் இருக்கிறது.

தெம்பெலியாவ்கியோ என்ற இந்த ஆலயத்துக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த மேட்டை ஒதுக்கிவிட்டார்கள். வரைபடப் போட்டிகள் நடந்தன. பின்லாந்து நாடாளுமன்றத்தைக் கட்டிய ஜே. எஸ். சிரேனின் திட்டம் 1930களில் தேர்வாகி, வேலையும் தொடங்கியது. 1939இல் போர் வந்தது, எல்லாம் நின்றுபோனது. மறுபடியும் போட்டி நடந்தது 1961இல்தான். அதில் வென்ற திமோ, துவோமோ சுவோமலைனன் சகோதரர்கள், பாறையின் மேல் கட்டாமல் பாறையைக் குடைந்துவிடலாம் என்றார்கள்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பத்திரிகைகளில் கேலி செய்தார்கள். செலவைப் பார்த்துத் திட்டத்தின் அளவைச் சுருக்கினார்கள். 1968இல் வேலை நடந்துகொண்டிருந்தபோது, மாணவர்கள் சுவரில் ‘பியாஃப்ரா’ என்று எழுதிவைத்தார்கள். அப்போது நைஜீரியாவின் பியாஃப்ராவில் மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்குக் கொட்டும் பணத்தை அங்கே அனுப்பக்கூடாதா என்பது மாணவர்களின் கேள்வி. கட்டடம் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் அந்தக் கேள்விக்கு அது பதிலாகாது.

உள்ளே பாறையை மூடாமல் விடும் ஆசை சகோதரர்களுக்கு ஆரம்பத்திலேயே இருந்தது. நடுவர்கள் மிரண்டுவிடுவார்களோ என்று போட்டி வரைபடத்தில் அதைக் காட்டவில்லை. பிறகு இசை நடத்துநர் பாவோ பெர்க்லுண்டும் ஒலியியல் பொறியாளர் மவுரி பார்யோவும் நல்ல ஒலிக்கு எப்படிப்பட்ட சுவர் வேண்டும் என்று சொன்னபோது, வெட்டிய பாறையே அதற்குப் பொருந்தி வந்தது. வெடி வைத்த தடயங்கள் இன்றும் அதில் தெரிகின்றன. பாறை இடுக்கில் கசியும் தண்ணீருக்கு வடிகால் வெட்டியிருக்கிறார்கள். பலிபீடத்துக்குப் பின்னால் ஓவியம் கிடையாது. பனியுகத்தில் விழுந்த பிளவுதான் அங்கே இருக்கிறது. கூரைக்கும் பாறைக்கும் நடுவே 180 கண்ணாடிப் பட்டைகள் வழியாக வெயில் இறங்குகிறது. காலை ஆராதனையின்போது அது நேரே அந்தப் பிளவின் மேல் விழும். ஒரு பக்கம் வைக்கோ விர்தானன் செய்த ஆர்கன், 3001 குழல்களுடன் நிற்கிறது.

மணிகூடக் கிடையாது. இசையமைப்பாளர் தனேலி கூசிஸ்தோ அமைத்த மணியோசையைப் பதிவு செய்து, வெளிச்சுவரில் உள்ள ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். கோயிலுக்கு ஒலிபெருக்கி மணியா என்று முகம் சுளிக்கலாம். கோபுரமே இல்லாத இடத்தில் மணியை எங்கே தொங்கவிடுவது?

1969 செப்டம்பரில் திறந்த ஆலயத்துக்கு இன்று உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சுற்றிப் பார்க்க நுழைவுக் கட்டணம் உண்டு. ஆராதனைக்கு வருபவர்களுக்குக் கிடையாது. ஹெல்சிங்கி போகிறவர்கள் கச்சேரி ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போவது நல்லது. அங்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்து இசையைக் கேட்டால், பாறையை மூடாமல் விட்டது ஏன் என்று தெரிந்துவிடும்.