ஏரிக்கரையில் ஐந்து சைக்கிள்

அமெரிக்காவில் டீன் கேமன் என்பவர் 2001-ம் வருஷத்தில் ஒரு விசித்திர வாகனத்தை உலகத்துக்குக் காட்டினார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சக்கரம். நடுவே நிற்க ஒரு பலகை. பிடித்துக்கொள்ள ஒரு கம்பு. முன்னால் சாய்ந்தால் வண்டி முன்னால் போகும். பின்னால் சாய்ந்தால் நின்றுவிடும். கீழே விழாதபடி அதுவே பார்த்துக்கொள்ளும். 'செக்வே' என்ற அந்த மூல வாகனத்தின் உற்பத்தி 2020-ல் நின்று போயிற்று. ஆயினும் வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, குடும்பம் குடும்பமாக அவ்வித வண்டிகளில் நின்றபடியே வனத்தையும் நீர்நிலைகளையும் பார்த்துவரும் வழக்கம் பல தேசங்களில் ஏற்பட்டுவிட்டது.

காணும் பொங்கலுக்கு எங்கே போவது என்ற யோசனை நடந்தபோது, நம் வீட்டுப் பையன் இதன் படத்தைக் காட்டி, "நாமும் இப்படிப் போகலாம், அப்பா!" என்றான். போகலாம், ஆனால் விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வண்டியுடையதல்ல, அவனுடையது என்று சொல்லி, உத்திரமேரூருக்குப் பஸ் ஏறினோம்.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது ஊர். அங்கே நமக்குப் பழக்கமான ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவர், வீடு வீடாக இரவல் கேட்டு ஐந்து சைக்கிள்களைச் சேகரித்து வைத்திருந்தார். நம் இல்லாள் சைக்கிளைத் தொட்டு இருபது வருஷமாகிறது. அதை அவள் சொல்லவில்லை. முதல் தெருமுனையிலேயே சைக்கிள் சொல்லிவிட்டது.

"ஏரிக்குப் போகுமுன் ஒரு சுவரைப் பார்த்துவிடலாம்" என்று உபாத்தியாயர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் நம்மை இறக்கினார். சிறிய கோயில்தான். ஆனால் அதன் கற்களில் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், இவ்வூர்ச் சபை செய்துகொண்ட ஏற்பாடு வெட்டப்பட்டிருக்கிறது. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தார்கள். குடும்புக்குக் குடும்பு தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். கைக்குள் வேறு ஓலை மறைந்திருக்கக் கூடாதல்லவா! அவர் வாசித்தபின் அங்கிருந்த மற்றப் பெரியவர்களும் வாசிக்க வேண்டும். பதவிக் காலம் 360 நாள். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மறுபடி குடத்துக்குள் வர முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. இந்த ஒரு விதியை இன்று அமுலுக்குக் கொண்டுவந்தால் எத்தனை நாற்காலிகள் காலியாகும் என்று எண்ணி நாம் கொஞ்சம் சிரித்துக்கொண்டோம்.

ஓட்டு என்பதையே வெள்ளைக்காரன்தான் நமக்குக் கற்றுக் கொடுத்தான் என்பவர்களை இச்சுவரின் முன் நிறுத்த வேண்டும் என்று நாம் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது நம் பெண் கேட்டாள்: "தாத்தா, அந்தக் குடத்தில் என் பெயரைப் போட்டிருப்பார்களா?"

உபாத்தியாயர் பூசி மெழுகவில்லை. "இல்லை, அம்மா. வேதம் படித்திருக்க வேண்டும், வரி கட்டும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். இது பிராமணர்களுக்கு விட்ட ஊர். உழுதவன் பெயரும் இல்லை, உன் பெயரும் இல்லை."

நம் உற்சாகம் சற்றுக் குன்றியது வாஸ்தவம். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் சரிபாதி பெண்களுக்கு என்று சட்டமானது 2016-ல்தான். நடுவே ஆயிரத்துக்கு மேற்பட்ட வருஷங்கள் கழிந்துவிட்டன.

பிறகு ஏரி. பல்லவன் தந்திவர்மன் காலத்தது. வயிரமேக தடாகம் என்று அவன் விருதுப் பெயரால் வழங்கியது. மழை முடிந்த தை மாதமாகையால் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். கரைமேல் ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகப் போனோம். நத்தைகுத்தி நாரைகள் ஓரச் சேற்றில் அலகைவிட்டுத் துழாவின. நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்து, ஈர வேஷ்டியைக் காயப் போட்டதுபோல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே போன பையன், சரிவில் சைக்கிளோடு உருண்டு நெருஞ்சியில் போய் நின்றான். முள்ளை எடுத்து முடிப்பதற்குள் நாரைகள் எல்லாம் பறந்துவிட்டன.

மதகருகே உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். "முப்பது பேரில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேர்" என்றார் உபாத்தியாயர். "ஒரு வருஷம் இவர்கள் தூங்கியிருந்தால் கரை போயிருக்கும், கரை போனால் ஊர் போயிருக்கும்." அவர் காட்டிய இடத்தில் மதகுக்குள் பிளாஸ்டிக் பைகள் பந்தாய் அடைத்துக் கிடந்தன. பையன் ஒரு கழியால் குத்தி இழுக்க, பெண் பொறுக்க, கால் மணியில் ஒரு கோணிப்பை நிறைந்தது. அடைப்பில் பாதிதான் தீர்ந்தது. பொழுது சாய்ந்துவிட்டது.

திரும்புகையில் யார் முன்னே போவது என்று சண்டை வந்தது. பெண் பூவரச இலைகளில் முள்ளால் ஐந்து பெயரையும் கீறித் தண்ணீர்ச் சொம்பில் போட்டாள். எல்லாரிலும் இளையவனாகிய பையன் ஓர் இலையை எடுத்தான். உபாத்தியாயர் ஐந்து விரலையும் விரித்து வாங்கி வாசித்தார். பிறகு நாம் ஒவ்வொருவரும் வாசித்தோம்.

இல்லாளின் பெயர் வந்திருந்தது. அவள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி, இரண்டு முறை ஆடி, முன்னே போனாள். மணி அடிக்கவில்லை, அந்தச் சைக்கிளில் மணியே இல்லை.