கள்ளியும் மாவுப்பூச்சியும்

திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வாயிலில் கற்றாழைத் தொட்டியைக் காணலாம். அது சொந்த ஊரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த கன்றாகவும் இருக்கலாம். சதைப்பற்றுள்ள மடல்களில் நீரைச் சேமித்து வைப்பதால் அச்செடி கோடை வெயிலையும் தாங்கும். ஆயினும், கடுகளவே உள்ள ஒரு பூச்சியால் அது மடிந்துபோகக்கூடும்.

அப்பூச்சியின் பெயர் மாவுப்பூச்சி. தெலுங்கு பேசுவோர் அதனைப் 'பிண்டிநல்லி' என்பர். பிண்டி என்றால் மாவு. அதன் உடலில் படிந்துள்ள வெண்பொடியைக் கண்டே இரு மொழியினரும் பெயரிட்டனர். மடல்களின் இடுக்கில் பஞ்சு ஒட்டியதுபோல் தோன்றும் இப்பூச்சி, ஊசி போன்ற வாயால் சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் இனிப்பு நீரை நாடி எறும்புகள் வரும். அதன் பகைவர்களை விரட்டிக் காவலும் காக்கும். ஆகவே, தொட்டியில் எறும்புச் சாரை தென்பட்டால் மடல்களின் அடியை உற்றுநோக்க வேண்டும்.

பூச்சி கண்ட தொட்டியை முதலில் தனியே வைக்க வேண்டும். பெரியோர் துணையுடன், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் பூச்சிகளைத் துடைத்தெடுக்கலாம். சோப்பு நீரில் சிறிது வேப்பெண்ணெய் கலந்து மாலையில் தெளிக்கலாம். நண்பகலில் தெளித்தால் மடல் கருகும். எஞ்சிய முட்டைகள் மீண்டும் பொரிக்கும். ஆதலால் வாரம் ஒருமுறையாகச் சில வாரங்கள் இதனைச் செய்ய வேண்டும். காரணமின்றிச் செடி வாடினால் வேரையும் பார்க்க வேண்டும். செடி முழுவதும் பூச்சி பரவிவிட்டால், பூச்சி தீண்டாத பக்கக்கன்றைப் புதுமண்ணில் நட்டு, தாய்ச்செடியை அகற்றுவதே அறிவுடைமை. ஊரிலிருந்து வந்த செடி அக்கன்றில் தொடர்ந்து வாழும்.

மாவுப்பூச்சியின் உறவினமாகிய கொச்சினீல் பூச்சியோ உழவர்க்கு உதவிய வரலாறும் உண்டு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி, தென்னிந்திய விளைநிலங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் முட்காடாக்கியது. செஞ்சாயம் எடுப்பதற்காக 1795இல் கொச்சினீல் பூச்சி வங்காளத்திற்குக் கொண்டுவரப்பட்டது. சாயம் சிறக்கவில்லை, ஆனால் பூச்சி கள்ளியை அழித்தது. அதனைக் கண்டோர் 1836ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிலும் அதனைப் பரப்பினர். எனினும் வேறொரு வகைக் கள்ளியை அது தீண்டவில்லை. அக்கள்ளியை ஒழிக்க 1926இல் இலங்கையிலிருந்து மற்றோர் இனக் கொச்சினீல் வந்தது. சித்தூர் மாவட்டம் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. சில ஆண்டுகளிலேயே தென்னாட்டுக் கள்ளிக்காடுகள் பெரும்பாலும் மறைந்தன.

மாவுப்பூச்சிக்கும் பகை உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஒருவகைப் பொறிவண்டு, மாவுப்பூச்சிகளைத் தின்று வாழ்கிறது. அதன் புழுவும் வெண்பஞ்சு போர்த்தியதுபோலவே இருக்கும். பலர் அதனை மாவுப்பூச்சி என்றெண்ணிக் கொன்றுவிடுகின்றனர். மாவுப்பூச்சி பெரும்பாலும் ஓரிடத்தில் ஒட்டியிருக்கும். பொறிவண்டின் புழுவோ உருவில் பெரியது, இரை தேடி விரைந்து ஊரும். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் பகையையும் நட்பையும் பிரித்தறியலாம். அதன் பின்னரே பஞ்சைக் கையில் எடுக்க வேண்டும்.

சிந்தித்து எழுதுக

1. எறும்புச் சாரை எதனை உணர்த்துகிறது?
2. கொச்சினீல் பூச்சியை உழவரின் நண்பன் எனலாமா? காரணம் கூறுக.