பெரிய வைத்தியமா, தாங்குற வைத்தியமா?

ஏனாத்தூர்ல எங்க சித்தப்பா முப்பது வருஷமா பட்டுத் தறியில உட்கார்ந்தவர். ரெண்டு காலும் வீங்குச்சு. "தறிக்குழியில காலைத் தொங்கப்போட்டா வீங்கத்தானே செய்யும்"னு நாங்களே முடிவு கட்டிட்டோம். சிறுநீர்ல நுரை வந்ததை அவர் யார்கிட்டயும் சொல்லலை. மாடி ஏற மூச்சு வாங்கின பிறகுதான் ஆஸ்பத்திரி. பல மாசம் கழிச்சு பேர் தெரிஞ்சுது: ஏ.எல். அமிலாய்டோசிஸ்.

எலும்பு மஜ்ஜையில இருக்கிற பிளாஸ்மா செல்கள் தடம் மாறி, கோணல்மாணலான புரதத்தை உண்டாக்குது. அது இதயம், சிறுநீரகம்னு போய்ப் படிஞ்சுடுது. அபூர்வமான வியாதி.

காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை பக்கத்துலயே இருக்கிறதால 'கீமோ' எங்க ஊருக்குப் புதுசில்லை. அதனாலயே சொந்தக்காரங்க, "கீமோ எதுக்கு? ஸ்டெம் செல் மாத்தினா வேரோட போயிடும், நிலத்தை வித்தாவது பண்ணுங்க"ன்னாங்க. நானும் அதைத்தான் நம்பினேன்.

டாக்டர்தான் புரியவச்சார். ஸ்டெம் செல் இங்கே மருந்தே இல்லையாம்! மருந்து மெல்ஃபாலன்ங்கிற கீமோதான், ரொம்பப் பெரிய டோஸ்ல. அதுல மஜ்ஜை அழிஞ்சுடும்ங்கிறதால, முன்னாடியே எடுத்து வச்ச நம்ம ஸ்டெம் செல்லைத் திருப்பி ஏத்துறாங்க. கேள்வி, அந்த டோஸை இதயம் தாங்குமாங்கிறதுதான்.

வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். 2007ல் வெளியான பிரெஞ்சு ஆய்வுல 100 பேர். மாற்று சிகிச்சைப் பிரிவுல சராசரி ஆயுள் சுமார் 22 மாசம், சாதா கீமோ பிரிவுல 57 மாசம். அதுக்கப்புறம் இதயம் நல்லா இருக்கிறவங்களாப் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் பண்றதால மாற்று சிகிச்சையில ஆபத்து குறைஞ்சிருக்கு, பலன் பல வருஷம் நிக்குது. இந்தப் பக்கம் கீமோவும் வளர்ந்திருக்கு. 2021ல் வந்த ஆந்த்ரோமெடா ஆய்வுல, போர்டிசோமிப் கூட்டு மருந்தோட டாராடுமுமாப் ஊசியும் போட்டவங்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தத்துல நோய் முழுசா அடங்குச்சு. அந்த ஊசி போடாதவங்கள்ல 18 சதவீதம்தான். விலைதான் மலைக்க வைக்குது.

சித்தப்பாவுக்கு டிரோபோனின் அதிகம், இதயம் தடிச்சிருந்தது. மாற்று சிகிச்சை வேண்டாம்னு முடிவாச்சு. வாராவாரம் வயித்துல போர்டிசோமிப் ஊசி. நிலத்தை விற்கலைன்னு நிம்மதி, பெரிய வைத்தியம் பண்ணாம விட்டுட்டோமோன்னு உறுத்தல். ரெண்டும் இருந்துச்சு.

அவர்கிட்ட தயங்கித் தயங்கிச் சொன்னேன். சிரிச்சார். "பாவு நைஞ்சிருக்கும்போது ஓங்கி அடிச்சா இழை அறுந்துடும்டா. மெதுவாத்தான் நெய்யணும்."

இன்னிக்கு ஆறாவது ஊசி. மாடி ஏறலை. ஆனா திண்ணை வரைக்கும் நடந்து வந்து, யார் தறி ஓடுது, யார் தறி நிக்குதுன்னு காது கொடுத்துக் கேட்டுட்டிருக்கார்.