இந்தியன் ஆமிக்கும் ஒரு கல்

மாளிகாவத்தைத் தெருக்களில் நடந்தால் கூரைகளுக்கு மேலே ஆர். பிரேமதாச மைதானத்தின் மின்விளக்குக் கோபுரங்கள் தெரியும். 1986 பெப்ரவரியில் கெத்தாராம மைதானம் என்று திறக்கப்பட்ட இடம் அது. அதை உருவாக்க முன்னின்றவரின் பெயரைப் பின்னாளில் அதற்கே வைத்தார்கள். இந்தியப் படை நாட்டைவிட்டு வெளியேறவேண்டும் என்று 1989இல் தவணை குறித்துச் சொன்ன ஜனாதிபதியும் அவர்தான். அந்தப் படையோடு வந்து உயிருடன் திரும்பாதவர்களுக்கு இந்த மைதானத்திலிருந்து அதிக தூரமில்லாத பத்தரமுல்லையில் ஒரு நினைவிடம் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் அன்று காலை புறப்பட்டேன்.

த்ரீவீலர்காரர் மாளிகாவத்தைக்காரர். நினைவுத்தூபி என்றதும், "ரணவிரு ஸ்மாரகயவா?" என்று கேட்டார். நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் இலங்கைப் படையினருக்கென்று எழுப்பிய நினைவிடம்தான் அவருக்குத் தெரியும்.

"இல்ல நானா, இந்தியன் ஆமிட."

"இந்தியன் ஆமிக்கும் ஒன்டு ஈக்கா?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

தெமட்டகொடை, பொரளை, ராஜகிரிய கடந்து போகும்வரை அவருக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை. தீராததில் வியப்பில்லை. 1987 ஜூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும், இந்தியப் படை இங்கே வர வழிவகுத்த இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே அணிவகுப்பு மரியாதையில் நின்ற கடற்படைச் சிப்பாய் ஒருவர் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து ராஜீவை அடித்தார். இந்தியப் படையைக் கொழும்பு வரவேற்ற விதம் அது.

நினைவிடத்தில் அன்று வேறு யாருமில்லை. கருங்கல்லில் பெயர்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. புல் செதுக்கிக்கொண்டிருந்தவரிடம் சிங்களத்தில் பேச்சுக் கொடுத்தேன். பெரிய ஆட்கள் மலர்வளையம் வைக்க வரும் நாட்களில்தான் கூட்டம் என்றார். நரேந்திர மோடி 2015இலும் 2025இலும் இங்கே வந்து அஞ்சலி செலுத்தியிருக்கிறார். மற்ற நாட்களில் இது வெயிலும் கல்லும்தான்.

ஏறத்தாழ 1,200 பேர். ஒவ்வொரு பெயராக வாசிக்க முயன்றால் சிறிது நேரத்தில் கண் சோர்ந்துவிடுகிறது. அதனால் எனக்கு ஏற்கெனவே தெரிந்த கதைகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு நடந்தேன்.

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், பம்பாயில் பிறந்த தமிழர். 1987 நவம்பர் 25ஆம் திகதி யாழ்ப்பாணம் கந்தரோடைப் பகுதியில் பதுங்கித் தாக்கிய விடுதலைப் புலிகளோடு நடந்த சண்டையில் நெஞ்சில் குண்டு பட்டு இறந்தார். இலங்கையில் போரிட்ட இந்தியப் படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர் மட்டுமே.

அந்த ஒக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இரவில் ஹெலிகொப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையினர் முப்பது பேர். புலிகளின் தலைமையைப் பிடித்துவிடுவது திட்டம். சண்டை முடிவதற்குள் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார்.

பிறகு இரண்டாம் லெப்டினன்ட் ராஜீவ் சந்து. சண்டிகரில் பிறந்தவர், அசாம் ரெஜிமென்ட் அதிகாரி. 1988 ஜூலை 19ஆம் திகதி அவருடைய வாகனத் தொடர் தாக்கப்பட்டது. படுகாயத்தோடு கிடந்தபடியே, ஆயுதம் பொறுக்க நெருங்கி வந்தவரைச் சுட்டு வீழ்த்திவிட்டு இறந்தார். மகாவீர் சக்ரா கிடைத்தது. வயது 21. பல்கலைக்கழகத்தில் இருக்கவேண்டிய வயது.

இந்த இடத்தில் ஒரு இலங்கைத் தமிழரின் கால் தயங்காமல் இருக்காது. 1987 ஒக்டோபர் 21ஆம் திகதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படையினர் நுழைந்து சுட்டார்கள். வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களுமாக 21 பேர் கொல்லப்பட்டார்கள். நோயாளிகளையும் சேர்த்தால் எண்ணிக்கை அறுபதைத் தாண்டும். ஆண்டுதோறும் அந்த நாளில் ஆஸ்பத்திரி ஊழியர்களே தங்கள் தோழர்களின் படங்களுக்கு விளக்கேற்றுகிறார்கள். கையில் ஸ்டெதஸ்கோப்போடு இறந்தவர்களை நினைத்துக்கொண்டு, துப்பாக்கியோடு இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பது லேசான காரியமல்ல.

தமிழ்நாடும் அப்போது முகம் திருப்பிக்கொண்டது. 1990 மார்ச்சில் கடைசிப் படையணிகள் மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கியபோது, முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழரைக் காக்கப் போன படை தமிழரைக் கொன்றுவிட்டு வருகிறது என்பது அவருடைய நிலைப்பாடு. கொழும்பு போகச் சொன்னது, யாழ்ப்பாணம் சபித்தது, சென்னை வரவேற்க மறுத்தது. மூன்றுக்கும் காரணம் இருந்தது. ஆனால் அந்தக் காரணங்கள் எதையும் சந்துவின் வயதுக்காரர்கள் உண்டாக்கவில்லை. ஒப்பந்தத்தை எழுதியவர்களும், அது உடைந்தபோது சண்டையைத் தெரிவு செய்தவர்களும் வேறு ஆட்கள்.

ஆகவே அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று ஒரு கணக்கைப் பிரித்துக்கொண்டேன். 21 வயதில் வீடு திரும்பாத பையனுக்காக வருந்த எனக்குத் தயக்கமில்லை. அவனை அனுப்பிய முடிவுக்கோ, ஆஸ்பத்திரிக்குள் சுட்ட கைகளுக்கோ அந்த வருத்தத்தில் பங்கு கிடையாது.

திரும்பும் வழியில் நாடாளுமன்றப் பக்கம் இருக்கும் ரணவிரு நினைவிடத்தையும் பார்த்தேன். அங்கேயும் பெயர்கள், ஆயிரக்கணக்கில். பெரும்பாலும் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகள். அவர்களுடைய தாய்மாருக்கு விரலால் தடவிப் பார்க்க ஒரு பெயராவது கல்லில் இருக்கிறது. வடக்கில் அதே வயதில் புலிகள் அணியில் மாண்ட தமிழ்ப் பிள்ளைகளின் துயிலும் இல்லங்களை இலங்கைப் படையினர் இடித்துத் தள்ளினார்கள். கோப்பாயில் கல்லறைகள் இருந்த நிலத்தில் இராணுவத் தலைமையகம் எழுந்தது. அந்தப் பிள்ளைகளின் தாய்மார் கார்த்திகை மாதத்தில் வெறும் நிலத்தில் விளக்கு வைத்து அழுகிறார்கள்.

நானாவிடம் இதைச் சொன்னபோது, "புள்ள புள்ளதானே" என்று மட்டும் சொல்லி வண்டியை எடுத்தார்.

தவணை குறித்து வெளியேறச் சொன்ன ஒரு படைக்கு, இருபது ஆண்டுகள் கழித்து இந்த நாட்டின் அரசு தன் தலைநகரத்தில் நிலம் கொடுத்துப் பெயர் பொறித்திருக்கிறது. அந்தப் படையின் அரசியலை ஏற்றுக்கொண்டு அதைச் செய்யவில்லை. இறந்தவர்களை இறந்தவர்களாகப் பார்த்துச் செய்தது. அடுத்த நாட்டுப் பிள்ளைகளுக்குச் செய்ய முடிந்த ஒன்றைச் சொந்த நாட்டுப் பிள்ளைகளுக்குச் செய்ய முடியாது என்றால், காரணத்தை அந்தத் தாய்மாரின் முகத்தைப் பார்த்து அரசு சொல்லவேண்டும்.