கரிசல் காட்டில் ஞானஸ்நானப் பதிவேடுகளைத் தேடி

விருதுநகர் மாவட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் முன்னோரைத் தேடுவோருக்குக் கோயிலில் உள்ள ஞானஸ்நானப் பதிவேடே முதல் துணை. பிறப்பு, இறப்புப் பதிவை நாடெங்கும் ஒரே சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது 1969ஆம் ஆண்டுதான். அதற்கு நூறாண்டுக்கு முன்பே இந்தக் கரிசல் பூமியில் குருமார் பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், ஊர் என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

எந்தக் கோயிலில், எந்தக் காப்பகத்தில் கேட்பது என்று தெரிந்துகொள்வதே பெரிய வேலை. விருதுநகர் தனி மாவட்டமானது 1985இல். அதற்குமுன் ராமநாதபுரம் மாவட்டம். அதுவும் 1910இல் பிறந்தது. சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்கள் அதுவரை திருநெல்வேலியோடு இருந்தன. ஆகவே அவற்றில் அடங்கியிருந்த சிவகாசியின் பழைய குடும்பத்தை ஆவணக் காப்பகத்தில் ‘திருநெல்வேலி’ என்ற தலைப்பில்தான் தேட வேண்டும்.

விருதுநகரிலிருந்து கிழக்கே அருப்புக்கோட்டைக்கும் மண்டபசாலைக்கும் போனால் அது அமெரிக்க மதுரை மிஷனின் களமாக இருந்தது. அந்த மிஷனாரிகளின் கடிதங்கள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. தென்மேற்கே சிவகாசிப் பக்கம் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்தின் களமாக இருந்தது, அதன் காகிதங்கள் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில். ஒரு சிறு பேருந்துப் பயணத்துக்குள் தேடல் ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு மாறிவிடுகிறது.

பட்டாசுக் கிட்டங்கிகளையும் அச்சகங்களையும் தாண்டிச் சிவகாசியை ஒட்டி இருப்பது சாட்சியாபுரம். இந்தப் பக்கத்தில்தான் கேம்பிரிட்ஜில் படித்த சி.எம்.எஸ். மிஷனாரிகளான தாமஸ் ராக்லண்ட், ஃபென், மெடோஸ் ஆகியோர் 1854இல் வட திருநெல்வேலியில் கூடாரமடித்து ஊர் ஊராகச் சென்று ஊழியம் தொடங்கினார்கள். ராக்லண்ட் 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே இறந்தார். இப்பகுதிச் சபைகள் பலவற்றின் கதை அந்தக் கூடாரங்களிலிருந்து தொடங்குகிறது. சிற்றூர்க் கோயிலில் பெரும்பாலும் பதிவேடு இருக்காது. பல ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரத்தின் தலைமைக் கோயிலில்தான் கேட்க வேண்டும். சேகரம் பிரிந்திருந்தால் பழைய புத்தகம் பெரும்பாலும் தாய்ச் சேகரத்திலேயே தங்கியிருக்கும்.

ஆங்கிலிக்கன் படிவத்தில் தகப்பனின் தொழிலுக்குத் தனிப் பத்தி உண்டு. பலரும் பார்க்காமல் கடந்துபோகும் இந்தப் பத்தியே மிக அருமையானது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். அதன்பின் பனையையும் மானாவாரி நிலத்தையும் நம்பியிருந்த வீடுகள் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுக்கும் மாறின. அண்ணனின் பதிவையும் தம்பியின் பதிவையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரு வீடு எப்போது தொழில் மாறியது என்பதையே கண்டுபிடிக்க வாய்ப்புண்டு.

கத்தோலிக்கப் பங்குகளில் வேறொரு வசதி. 1908 முதல் திருமணம் நடந்ததும் அந்தச் செய்தி ஞானஸ்நானம் கொடுத்த பங்குக்கே போக வேண்டும்; அங்கே பழைய வரியின் ஓரத்தில் குறிக்க வேண்டும். வெளியூரில் வாக்கப்பட்டுப் போன பெண் பிறந்த ஊர்ப் புத்தகத்திலேயே கிடைப்பது இதனால்தான். வம்சாவளிகளில் பெண்வழி அறுந்துபோகும் இடத்தை இந்த ஓரக்குறிப்பு கட்டிக்கொடுக்கிறது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் ஆண்டுதோறும் பதிவேட்டின் நகலை மறைமாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னது. பங்கில் கரையான் அரித்திருந்தால் அடுத்து அங்கே கேட்கலாம்.

நகலின் அருமை ஆர்மீனியருக்கு நன்றாகத் தெரியும்.  துருக்கிய ஆட்சியில் இருந்த ஆர்மீனியக் கோயில்களின் பதிவேடுகள் 1915 படுகொலையில் பெரும்பாலும் அழிந்தன. ருஷ்ய ஆட்சிப் பகுதியில் இரண்டாம் பிரதி எழுதி மேலிடத்துக்கு அனுப்பும் முறை இருந்ததால் அங்கே நிறையவே தப்பின.

சேகர அலுவலகத்துக்குப் போகிறவர் உத்தேச வருடம், தகப்பன் பெயர், ஊர்ப்பெயர் மூன்றையும் எழுதிக்கொண்டு போக வேண்டும். தேவசகாயமும் மாசிலாமணியும் ஒவ்வொரு பக்கத்திலும் வருவார்கள். பெரியவராகி ஞானஸ்நானம் பெற்றவரின் பழைய பெயரும் தெரிந்திருந்தால், மதம் மாறாத பங்காளி வீடு வரை தேடலைக் கொண்டுபோகலாம்.